மறு: எலிவேஷன் = ஏற்றக்கோணம்? வேண்டாமே

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

இழையைத் தொடங்கி வைத்துவிட்டு ஒரு வாரம் காணாமல் போனதற்கு மன்னிக்கவும். இங்கே செய்முறைத் தேர்வு நடந்துகொண்டிருந்தது. வந்த மடல்களை எல்லாம் இன்றுதான் உட்கார்ந்து படித்தேன்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக இரண்டு வரி. நான் முடி வெட்டவும் அழகுக்கலையும் கற்றுக்கொடுக்கிறவள். மாணவிகளுக்காகத் தமிழில் ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறோம். அதில் ‘எலிவேஷன்’ என்ற சொல்லுக்குத் தமிழ் தேடும் இடத்தில் வண்டி நின்றுவிட்டது. ஒரு கத்தை முடியைச் சீவி, ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே பிடித்து, தலையிலிருந்து எவ்வளவு விலக்கித் தூக்கி வெட்டுகிறோம் என்பதுதான் எலிவேஷன். அதை 0, 45, 90, 180 என்று டிகிரியில் சொல்வார்கள்.

> பத்தாம் வகுப்புக் கணக்கிலேயே ‘ஏற்றக்கோணம்’ இருக்கிறது. இருக்கும் சொல்லை விட்டுவிட்டு எதற்குப் புதிது?

நியாயமான கேள்வி. நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். போன ஆண்டு எங்கிருந்தோ கிடைத்த ஒரு மொழிபெயர்ப்புத் தாளில் இந்தச் சொல்தான் இருந்தது, அப்படியே வகுப்பில் கொடுத்துவிட்டேன். பாடம் கிராஜுவேட்டட் பாப். அதாவது பிடரியில் முடி ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, கனமாக, உருண்டு நிற்க வேண்டும். தாளில் ‘45° ஏற்றக்கோணத்தில் பிடித்து வெட்டவும்’ என்று இருந்தது.

வகுப்பில் கணக்கு நன்றாக வரும் பெண் ஒருத்தி. டம்மித் தலையை ஸ்டாண்டில் மாட்டி, வகிடு பிரித்து, கிளிப் போட்டு எல்லாம் ஒழுங்காகத்தான் செய்தாள். அப்புறம் பின்பக்கக் கத்தையை எடுத்து மேல்நோக்கித் தூக்கினாள். கை கிட்டத்தட்ட டம்மியின் உச்சிக்குப் போய்விட்டது. நான் அடுத்த மேசையில் இருந்தேன், கவனிக்கவில்லை. முடித்துவிட்டுக் கூப்பிட்டாள். வந்து பார்த்தால் அடியில் கனமே இல்லை. மேலே குட்டை, கீழே நீளம், பறவை இறகு மாதிரி மெலிந்து தொங்குகிறது. “ஏம்மா இவ்வளவு தூக்கினே?” என்றேன். “மேடம், ஏற்றக்கோணம்னா கிடைமட்டக் கோட்டுலேர்ந்து மேல தானே அளக்கணும்? 45 தான் வச்சேன்” என்றாள்.

அவள் சொன்னதில் தப்பே இல்லை. கோபுர உச்சியைத் தரையில் நின்று பார்க்கிற கணக்கில் அப்படித்தான் அளப்பார்கள். காஸ்மெட்டாலஜி பிரிவில் ஐ.டி.ஐ.யில் சேரப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். ஆக, வருகிற எல்லாரும் அந்தக் கோபுரத்தைப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். சொல் ஏற்கெனவே அவர்கள் மனதில் ஒரு கோட்டோடு உட்கார்ந்திருக்கிறது, அந்தக் கோடு தரைக்கு இணையானது. நமக்கு வேண்டிய கோடு தலையின் மேற்பரப்பு. பக்கவாட்டில் கிடைமட்டத்துக்கு மேல் 45 என்றால், தலையிலிருந்து அளக்கையில் (அங்கே கிடைமட்டமே 90) அது 135 ஆகிவிடுகிறது. பாப் கேட்ட இடத்தில் லேயர் விழுந்ததற்கு இதுதான் காரணம்.

இதை இன்னும் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் சொல்லின் தேர்வே இதில்தான் இருக்கிறது. தலை உருண்டை. ஒரே 90 டிகிரி, உச்சந்தலையில் கூரையைப் பார்க்கும். காதுக்கு மேலே சுவரைப் பார்க்கும். பிடரியில் எலும்பு உள்வாங்குகிற இடத்தில் சற்றுக் கீழ்நோக்கிப் போகும். ஆமாம், கீழ்நோக்கி. அங்கே என் கை கிடைமட்டத்துக்கும் தாழ்வாக இருக்கும்போது அதற்குப் பெயர் ‘ஏற்றம்’ என்றால் எந்தப் பிள்ளை நம்பும்?

கோணத்தால் என்ன ஆகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், சிலர் தனிமடலில் கேட்டிருந்தீர்கள். தூக்காமல் 0-வில் வெட்டினால், மேலே முளைத்த முடி வெட்டுக்கோட்டுக்கு வந்து சேர அதிகத் தூரம் இறங்க வேண்டும், கீழே முளைத்தது கொஞ்சம் இறங்கினால் போதும். அதனால் மேல்முடி நீளமாகவும் கீழ்முடி குட்டையாகவும் இருந்தாலும் எல்லா நுனியும் ஒரே வரியில் முடியும். நம் ஊரில் நேராக அடியை மட்டும் வெட்டிவிடச் சொல்வார்களே, அது. 90-க்குத் தூக்கினால் எல்லா முடிக்கும் தூரம் ஒன்றுதான். தலை எங்கும் சம நீளம். 180-க்குத் தூக்கினால் கணக்கு தலைகீழ், மேலே குட்டை, அடியில் நீளம். 45 இடைப்பட்டது. அதில்தான் அந்த அடுக்கும் கனமும் வரும். லண்டன் முடிதிருத்தக் கலைஞர் விடால் சசூன் 1963-இல் பாப், 1964-இல் ஐந்து முனை வெட்டு என்று கட்டடக்கலை மாதிரி முடியை வெட்டிக் காட்டினாரே, அதன் அடிப்படையும் இந்தக் கோணங்களும் கோடுகளும்தான். ரோலர், ஸ்பிரே எதுவும் தேவையில்லை, வெட்டே வடிவத்தைத் தாங்கும்.

> ‘தூக்குகோணம்’ என்று வைக்கலாம். பார்லரில் “தூக்கிப் பிடி” என்றுதானே சொல்கிறார்கள்?

சொல்கிறோம். எனக்கு முதலில் பிடித்ததும் இதுதான். தூக்கு என்றால் தூக்குத் தண்டனை நினைவு வருகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார், அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தூக்குவாளியில் சோறு கொண்டுபோகிற ஊர் இது. தொல்காப்பியத்தில் ‘தூக்கு’ ஒரு செய்யுள் உறுப்பு. சொல் பல வேலை செய்யும். என் சிக்கல் வேறு: 0 டிகிரி. அங்கே தூக்குவதே இல்லை. ‘0 பாகைத் தூக்கு’ என்று எழுதினால் கையேட்டைப் படிக்கிற பிள்ளை ஒரு நிமிடம் நின்றுவிடும்.

> சிகையுயர்த்தம் / கேசோன்னதி

ஐயா மன்னிக்க வேண்டும். இதை வகுப்பில் சொன்னால் எனக்கே சிரிப்பு வந்துவிடும்.

> எலிவேஷன் என்றே விட்டுவிடலாம். வேலைக்குப் போனால் அதைத்தான் கேட்பார்கள்.

பாதி ஒத்துக்கொள்கிறேன். சொல்லடைவில் ‘எலிவேஷன்’ கட்டாயம் இருக்கும், நேர்காணலில் அவர்கள் விழிக்கக் கூடாது. ஆனால் புரிய வைக்க அது உதவுவதில்லை. வீடு கட்டிக்கொண்டிருக்கிற வீட்டுப் பிள்ளைக்கு எலிவேஷன் என்றால் முன்பக்கத் தோற்றம், இன்ஜினியர் காட்டிய கலர்ப்படம். ஒருத்தி உண்மையிலேயே அப்படித்தான் கேட்டாள்: “முன்பக்கம் எப்படித் தெரியணும்னு சொல்றதா மேடம்?”

சரி, இப்போது என் முன்மொழிவு: பிடிகோணம்.

தூக்கினாலும் தூக்காவிட்டாலும் பிடித்துத்தான் வெட்டுகிறோம். 0-விலும் சீப்பாலோ விரலாலோ பிடிக்கிறோம். கை மேலே போனாலும் கீழே போனாலும் சொல் பொய்யாகாது. ‘எங்கிருந்து அளப்பது’ என்ற கேள்வியைச் சொல் தானே தீர்க்காது என்பது உண்மைதான். ஆனால் தவறான விடையையாவது அது முன்கூட்டிக் கொடுத்துவிடவில்லை. ‘தலைப்பரப்பிலிருந்து அளப்பது’ என்று வரையறையில் ஒரு வரி சேர்த்தால் போதும். கோணத்தோடு எண் வரும்போது ‘45 பாகைப் பிடி’ என்று சுருக்கியும் சொல்லலாம். சென்ற வாரம் சும்மா பேச்சோடு பேச்சாகச் சொல்லிப் பார்த்தேன், யாரும் திரும்பக் கேட்கவில்லை.

ஒரு எழுத்துத் திருத்தம். அன்பர் ஒருவர் ‘பிடிக்கோணம்’ என்று ஒற்று மிகுத்து எழுதியிருந்தார். இது வினைத்தொகை: பிடித்த, பிடிக்கிற, பிடிக்கும் கோணம். ஊறுகாய், சுடுசோறு போல வல்லினம் மிகாது. க் போட்டால் பிடி பெயர்ச்சொல்லாகிவிடும். சங்கப் பாட்டு படித்தவர்கள் பெண்யானையைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள்.

இந்தச் சொல்லில் எனக்கு இன்னொரு வசதியும் தெரிகிறது, குடும்பம் வளர்கிறது. ‘ஓவர் டைரக்‌ஷன்’ என்று ஒன்று உண்டு. முடியை அது இயல்பாக விழும் இடத்தில் பிடிக்காமல் முன்னாலோ பின்னாலோ இழுத்துப் பிடித்து வெட்டுவது. முகத்தை ஒட்டி நீளம் விட வேண்டுமென்றால் பக்கத்து முடியைப் பின்னுக்கு இழுத்து வெட்டுவோம், விட்டால் முன்பக்கம் நீளமாக வந்து விழும். இதை ‘விலகுபிடி’ என்கலாமா? ‘டென்ஷன்’ பிடியிறுக்கம். இழுப்பு என்று சிலர் சொன்னார்கள், மூச்சிரைப்பு நோயாளிகள் கோபித்துக்கொள்வார்கள். இழுவிசை இயற்பியலுக்கே இருக்கட்டும். பிடியிறுக்கம் சின்ன விஷயமில்லை: நல்ல முடி ஈரத்தில் ரப்பர் போல நீளும், அதுவும் சுருட்டை முடியை இழுத்துப் பிடித்து வெட்டிவிட்டால் காய்ந்ததும் இரண்டு விரற்கடை மேலே ஏறி நிற்கும். அழுகிற வாடிக்கையாளரைச் சமாளிப்பது கையேட்டில் இல்லை.

வகிடு, கத்தை, உச்சி, பிடரி, கிருதா, சுழி எல்லாம் இருக்கிறபடியே இருக்கட்டும். இவற்றுக்குப் புதுச்சொல் கேட்டு வந்த மடல்களுக்கு நான் பதில் எழுதவில்லை, வேண்டுமென்றேதான். ‘ரெட்டைச் சுழி’ என்று சொன்ன நொடியில் மாணவிக்கு எந்த இடத்தில் முடி அடங்காது என்று தெரிந்துவிடுகிறது. கூடவே “ரெண்டு கல்யாணம் மேடம்” என்று சிரிப்பும் வரும், அது போகட்டும். கூந்தலை ஐந்து வகையாக முடிந்ததால் அதற்கே ஐம்பால் என்று பெயர் வைத்த மொழியில் இந்த வகைச் சொற்களுக்குப் பஞ்சமில்லை. பஞ்சம் கோணத்துக்கும் வேதியியலுக்கும்தான்.

வேதியியல் என்றதும் அடுத்த தலைவலி. ஹேர் கலர் பாடத்தில் டெவலப்பர் (சாயத்தோடு கலக்கிற பெராக்சைடு கரைசல்) 10, 20, 30, 40 வால்யூம் என்று வரும். அந்தத் தாளில் அதை ‘கன அளவு’ என்று பெயர்த்திருந்தார்கள். 20 வால்யூம் என்பதைப் படித்துவிட்டு ஒரு பெண் கிண்ணத்தில் 20 மில்லி அளந்து ஊற்றினாள். உண்மையில் அது, ஒரு லிட்டர் கரைசல் சிதைந்தால் எத்தனை லிட்டர் ஆக்சிஜன் வெளிவரும் என்கிற எண். ஹைட்ரஜன் பெராக்சைடு வீதத்தில் சொன்னால் 10-க்கு 3, 20-க்கு 6, 30-க்கு 9, 40-க்கு 12 சதவீதம். நான் இப்போதைக்குக் கையேட்டில் சதவீதத்தை முன்னால் எழுதி, வால்யூமைப் பின்னால் போட்டிருக்கிறேன். ‘வளியெண்’ என்று ஒன்று தோன்றியது. ஆனால் வளி என்றால் காற்றா ஆக்சிஜனா என்று வேதியியல் அன்பர்கள் கேட்பீர்கள்.

பிடிகோணத்துக்கு மறுப்பு இருந்தால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள், திங்களன்று அந்தப் பாடம் அச்சுக்குப் போகிறது. வளியெண்ணுக்கு அவசரமில்லை, கலர் பாடம் வர இன்னும் ஒரு மாதம் இருக்கிறது.