மூலைக்குள் மூணு-மூணு: கோ தொடக்கத்தைப் புதுசாகப் படித்த அனுபவம்

கறுப்பு, வெள்ளைக் கற்களை மாறி மாறி வைத்து இடம் பிடிக்கும் பலகை ஆட்டம் கோ. கும்பகோணத்தில் அதை ஆட ஆள் கிடைப்பது அபூர்வம். எனக்குக் கிடைத்தவன் அக்கா மகன். திருச்சியில் இன்ஜினியரிங் படிக்கிறான். ஃப்ளெக்ஸ் கடையில் 19-க்கு 19 கோடு போட்டு அடித்து வாங்கிய விரிப்புதான் எங்கள் பலகை. 361 புள்ளிகளும் பளிச்சென்று தெரியும்.

ஆடிப்பெருக்குக்கு வந்தவன் கறுப்பு எடுத்தான். நாலு மூலையிலும் ஆளுக்கு இரண்டு கல் வைத்தாயிற்று. ஐந்தாவது கல்லை, நட்சத்திரப் புள்ளியில் (இரு ஓரத்திலிருந்தும் நாலாவது கோடு) இருந்த என் வெள்ளைக்கு அடியில், மூணு-மூணில் (இரு ஓரத்திலிருந்தும் மூணாவது கோடு) வைத்தான். நான் படித்த பழைய பாடப்படி இது கூடவே கூடாது: உள்ளே கொஞ்சம் இடம் கிடைக்கும், வெளியே எதிராளிக்குப் பெரிய மதில் எழும்பிவிடும்.

“மதிலை எனக்கே விட்டுட்டியேடா?”

“இருக்கட்டும் மாமா. அதை வச்சு என்ன பண்றீங்கன்னு பாக்குறேன்.”

சங்கதி அடுத்த சில கல்லில் புரிந்தது. வழக்கமாக இரண்டாம் கோட்டில் ஹானே (எதிராளி கல்லைச் சுற்றி வளைக்கும் கல்) போட்டு, அதைத் தன் கல்லோடு ஒட்டவைத்து முடிப்பார்கள். அவன் அதைச் செய்யவே இல்லை. வேறு மூலைக்குப் போய்விட்டான். அந்தப் பரிமாற்றம் நடந்தால் என் மதில் கெட்டிப்படும். நடக்காததால் மதிலின் பலவீனம் அப்படியே கிடக்கிறது, சென்டேயும் (அடுத்து எங்கே ஆடலாம் என்று தீர்மானிக்கும் முன்கை) அவன் கையில். மதில் பார்க்கும் பக்கத்து மூலையிலோ ஏற்கெனவே அவன் கல். தண்ணி வராத வாய்க்காலுக்குக் கரை கட்டின கதைதான்.

இது கூகுள் டீப்மைண்டின் கோ ஆடும் கணினி நிரலான ஆல்பாகோ கொண்டுவந்த மாற்றம். 2016 மார்ச்சில் சியோலில் கொரியாவின் முன்னணி ஆட்டக்காரர் லீ சேடோலை 4-1 என்று வென்றது. அந்த ஆண்டுக் கடைசியிலும் 2017 தொடக்கத்திலும் ‘மாஸ்டர்’ என்ற பெயரில் இணையத்தில் ஆடிய 60 ஆட்டங்களிலும் தோற்கவில்லை. மூலைக்குள் இப்படிச் சீக்கிரம் நுழைவது அந்த ஆட்டங்களில்தான் எல்லோர் கண்ணிலும் பட்டது. 2017 மே மாதம் அதை எதிர்த்து ஆடிய சீனாவின் முன்னணி ஆட்டக்காரர் கெ ஜியே, முதல் ஆட்டத்தில் அதே நுழைவைப் போட்டார்.

மூணு-மூணு ஒரு காலத்தில் தீண்டாத புள்ளி. 1933-இல் கோ செய்கென் என்ற 19 வயது ஆட்டக்காரர், அன்றைய ஜப்பானின் பெரிய ஆசான் ஹோனின்போ ஷூசாய்க்கு எதிராக முதல் கல்லையே அங்கே வைத்தார். அவருடைய மூன்றாவது கல் பலகையின் நட்டநடுவில். அந்த ஆட்டத்தை நிதானமாக ஆடிப் பாருங்கள். புதுத் தொடக்கம் படிக்க அதைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியவில்லை.

புதிதாகப் படிப்பவர்களுக்கு நான் அழுத்திச் சொல்வது இதுதான்: வரிசையை மனப்பாடம் செய்யாதீர்கள். எந்தக் கல்லை வைக்காமல் விட்டார்கள், ஏன் விட்டார்கள் என்று கேளுங்கள். கட்டாகோ என்ற கோ ஆடும் கணினி நிரல் இலவசம்தான், வெற்றி வாய்ப்பையும் எத்தனை புள்ளி முன்னிலை என்பதையும் காட்டும். ஆனால் காரணம் சொல்லாது.

அதனால் நாங்கள் இப்போது முதல் ஐம்பது கல்லோடு ஆட்டத்தை நிறுத்திவிடுகிறோம். யார் கை ஓங்கியிருக்கிறது, எந்தக் கல் வீண் என்று பேசித் தீர்க்கிறோம். கட்டாகோவைத் திறப்பது அதற்கப்புறம்தான்.