‘ஜெர்க்’ என்பதற்கு ‘வெடுக்கம்’: ஒரு முன்மொழிவு

அன்புடையீர், வணக்கம்.

முடுக்கம் (திசைவேகம் மாறும் வீதம்) எவ்வளவு விரைவாக மாறுகிறது என்னும் வீதத்தை இயற்பியலார் ‘ஜெர்க்’ என்கின்றனர். அதற்குத் தமிழில் இதுவரை நம் கலைச்சொல் கலந்துரையாடலில் முன்வைக்கப்பட்ட ‘அதிர்வு’, ‘குலுக்கம்’, ‘உலுக்கல்’ ஆகிய மூன்றையும் என்னால் ஏற்க இயலவில்லை. அதிர்வு என்பது பாடநூல்களில் வேறு பொருளில் நிலைத்துவிட்டது. குலுக்கலும் உலுக்கலும் முன்னும் பின்னுமாகத் திரும்பத் திரும்ப நிகழ்பவை. நமக்கு வேண்டியதோ ஒரே ஒருமுறை நிகழ்ந்தாலும் பொருந்துகிற சொல்.

கோவையிலிருந்து பொள்ளாச்சி செல்லும் பேருந்து ஒன்று கிணத்துக்கடவில் நிற்பதை எடுத்துக்கொள்வோம். விநாடிக்கு 10 மீட்டர், அதாவது மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டியை ஓட்டுநர் பிரேக்கை ஒரே சீராக அழுத்தி 5 விநாடியில் நிறுத்தினால், எதிர் முடுக்கம் 2 மீ/வி². அந்த 5 விநாடியும், நின்றுகொண்டு வருபவர்கள் கம்பியைப் பற்றி உடம்பைப் பின்னுக்குச் சாய்த்துச் சமாளித்துவிடுகிறார்கள். வண்டி நின்ற கணத்தில்தான் அத்தனை பேரும் பின்பக்கம் தள்ளாடுகிறார்கள். எதிர் முடுக்கம் சட்டென்று இல்லாமற்போவதே அதற்குக் காரணம். 0.1 விநாடியில் அது சுழியானால் மாறும் வீதம் 20 மீ/வி³. கைதேர்ந்த ஓட்டுநர் கடைசியில் பெடலை மெல்ல விடுவித்து அதே மாற்றத்தை ஒரு விநாடிக்குப் பரப்பினால் 2 மீ/வி³ மட்டுமே. (அப்படிப்பட்ட ஓட்டுநர் நமக்கு வாய்ப்பது வேறு கதை.)

நியூட்டன் 1687இல் வெளியிட்ட விதிகளில் இந்த அளவுக்குத் தனிப்பெயர் இல்லை. எனினும், நிறை மாறாத பொருளுக்கு இரண்டாம் விதியை (விசை = நிறை × முடுக்கம்) இன்னொரு முறை வகையிட்டால், அதாவது இருபுறமும் நேரத்தோடு மாறும் வீதத்தைக் கண்டால், விசை மாறும் வீதம் நிறையையும் இந்த அளவையும் பெருக்கி வருவது என்பது தானே கிடைக்கிறது. ஆகவே இதைக் ‘கணத்தாக்கு’ என்பதோடு குழப்பலாகாது. கணத்தாக்கு விசையையும் அது செயற்படும் நேரத்தையும் பெருக்கி வருவது, உந்த (நிறை × திசைவேகம்) மாற்றத்துக்குச் சமமானது. நம் பட்டறைகளில் ‘மெஷின் ஜெர்க் அடிக்குது’ என்னும்போது இரண்டும் ஒன்றாகவே புழங்குகின்றன. சி.என்.சி. எனப்படும் கணினிவழி இயங்கும் எந்திரத்தில் ‘ஜெர்க்’ வரம்பை அமைப்பவர் மட்டுமே அதைத் துல்லியமான பொருளில் ஆள்கிறார்.

என் முன்மொழிவு ‘வெடுக்கம்’. ‘வெடுக்கென்று இழுத்தான்’ என்னும்போது இழுப்பின் வலிமையைவிட அது திடீரென வந்ததையே சுட்டுகிறோம். நாம் பெயரிட விரும்புவதும் அதையே. முடுக்கத்தை அடுத்து வெடுக்கம் என்று ஓசையிலும் உறவு தெரிகிறது.

‘முடுக்கு’ வினைச்சொல், ‘வெடுக்கு’ வெறும் குறிப்புச்சொல், அதனோடு ‘அம்’ சேருமா என்று ஈரோட்டு அன்பர் ஒருவர் வினவியிருந்தார். கேள்வி நியாயமானதே. படபடப்பு, சலசலப்பு போன்றவை குறிப்புச்சொற்களிலிருந்து பிறந்தவையே என்றாலும் அவற்றின் ஈறு வேறு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் ‘வெடுவெடுப்பு’ என்றால் குளிரும் கோபமுமே நினைவுக்கு வரும்; இலக்கணத்தைச் சற்று நெகிழ்த்தியாவது ‘வெடுக்கம்’ என்றே கொள்ளலாம் என்பது என் கருத்து. ஓசை நெருக்கத்தால் வகுப்பறையில் மாணவர் முடுக்கம், வெடுக்கம் ஆகிய இரண்டில் ஒன்றை மற்றொன்றாகக் கேட்கக்கூடும் என்பதே எனக்குப் பெரிய தடையாகத் தோன்றுகிறது. கரும்பலகையில் எழுதிக் காட்டுவதைத் தவிர அதற்கு வழி தெரியவில்லை.

இலங்கை வழக்கில் முடுக்கம் ‘ஆர்முடுகல்’ எனப்படுவதால், இந்த ஓசையுறவு அங்கே அவ்வளவு எடுபடாது. அங்குள்ள அன்பர்கள், ‘வெடுக்க வரம்பு’, ‘எதிர் வெடுக்கம்’ ஆகிய தொடர்களைத் தங்கள் பாடக் குறிப்புகளில் இட்டுப் பார்த்து, இடறும் இடங்களை எழுத வேண்டுகிறேன்.