ஞாபகத்துலேர்ந்து வீட்டை வரையுறது எப்படி?

கேள்வி: வருஷக்கணக்கா ஊர் ஊரா சுத்திட்டு இருக்கேன், பழைய வீட்டை வரையலாம்னு உக்காந்தா போட்டோ பாத்து வரையுறது உயிரே இல்லாம இருக்கு, பாக்காம வரைஞ்சா ஜன்னல் எந்தப் பக்கம்னே குழம்புது. என்ன பண்ணலாம்?

பதில்: குழம்பட்டும்ங்க. ஓவியர் மார்க் ஷாகல் பாரிஸ்ல இருந்துக்கிட்டு 1911ல தன்னோட சொந்த ஊர் வீட்டெப்ஸ்க் நினைப்புல வரைஞ்ச 'நானும் கிராமமும்' ஓவியத்தைப் பாருங்க, அதுல சில வீடு தலைகீழா நிக்கும், ஒரு மிருகத்தோட கன்னத்துக்குள்ளயே ஒருத்தி பால் கறப்பா, ஏக்கம்னா அப்படித்தான் தெரியும்.

பதில்: ஓவியர் வான்கோவும் 1888ல பிரான்ஸ்ல ஆர்ல் ஊர்ல இருந்தப்போ, முன்னாடி அப்பா அம்மாவோட இருந்த எட்டன் ஊர்த் தோட்டத்தை ஞாபகத்துலேர்ந்து வரைஞ்சாரு, அப்போ கூட இருந்த ஓவியர் கோகான் தூண்டிவிட்டதுதான். ஆனா வான்கோவுக்கு நேர்ல பாத்து வரையுறதுதான் செட் ஆகும்னு எனக்கு தோணும். போட்டோவ ஒரு வாரம் மூடி வச்சுட்டு கலர்லேர்ந்து ஆரம்பிங்க.

கேட்டவர்: ஜன்னலை ரெண்டு பக்கமும் வச்சுட்டேன், இப்பதான் எங்க வீடு மாதிரி இருக்கு!