'கோரஸ்' அலைகளுக்குத் தமிழில் 'சிலம்பலை'

நண்பர்களுக்கு வணக்கம்.

புவியின் காந்த மண்டலத்தில் தோன்றும் கோரஸ் (chorus) என்னும் மின்காந்த அலைகளுக்கு முன்மொழியப்பட்டிருக்கும் 'சேர்ந்திசை அலை' என்ற சொல்லில் எனக்கு உடன்பாடில்லை. இவ்வலைகளின் அதிர்வெண் பெரும்பாலும் நம் செவிக்கு எட்டும் எல்லைக்குள் அமைவதால், அலைவாங்கியில் கிடைத்த மின்குறிப்பை அப்படியே ஒலிபெருக்கிக்குக் கொடுத்தால், சுருதி கீழிருந்து மேலேறும் குறுங்கீச்சுகள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழும். விடியற்காலைத் தோப்பில் பறவைகள் எழுப்பும் ஆரவாரத்தை அது ஒத்திருந்ததால்தான் ஆங்கிலப் பெயரே வந்தது. பாடகர் குழுவுக்கு அதில் இடமில்லை.

'புள்ளொலி அலை' போதும் என்று நானும் சில நாள் எண்ணியிருந்தேன். எழுதிப் பார்த்தபோதுதான் அதற்குள் 'ஒலி அலை' ஒளிந்திருப்பது கண்ணில் பட்டது. இவை மின்காந்த அலைகள். மின்னேறிய துகள்களாலான வளிமத்தை ஆராயும் பிளாஸ்மா இயற்பியலில் 'அயனி ஒலி அலை' என்று வேறொன்று உண்மையாகவே இருக்கையில், மாணவரை நாமே குழப்பக் கூடாது.

ஆகவே 'சிலம்பலை' என்ற சொல்லை முன்வைக்கிறேன். சிலம்புதல் என்றால் ஒலித்தல்; மார்கழி விடியலில் பாடும் பாசுரத்திலும் புள் சிலம்பத்தான் செய்கிறது. காற்சிலம்பை நினைவூட்டுமே என்பவர்களுக்கு, அந்த அணியும் ஒலிப்பதுதானே என்பேன். விடியல் என்பது இங்கே வெறும் உவமையும் அன்று. சூரியனிலிருந்து வீசும் மின்துகள் ஓட்டமான சூரியக் காற்று வேகமெடுத்து, அதன் காந்தப்புலம் தெற்கு நோக்கித் திரும்பி நிற்கும்போது, புவியின் இரவுப் பக்கத்தில் நீண்டு கிடக்கும் காந்த வாலிலிருந்து நள்ளிரவுப் பக்கமாக உள்ளே தள்ளப்படும் எலக்ட்ரான்கள் கிழக்கு நோக்கி நகர்ந்து விடியற்பக்கத்தை அடைகின்றன. காந்த நடுக்கோட்டை ஒட்டி அவை இழக்கும் ஆற்றலே அங்கே சிலம்பலையாக வளர்கிறது. வளர்ந்த அலை வேறு சில எலக்ட்ரான்களைப் பத்து இலட்சம் எலக்ட்ரான்வோல்ட்டுக்கு மேல் முடுக்கிவிடும் என்பதை, 2012 ஆகஸ்டில் ஏவப்பட்ட நாசாவின் வான் ஆலன் இரட்டை விண்கலங்கள் அவ்வாண்டு அக்டோபரில் எழுந்த காந்தப் புயலின்போது எடுத்த அளவீடுகள் வலுவாகக் காட்டின. சூரியனின் 11 ஆண்டுச் சுழற்சி இறங்குமுகமாக இருக்கும் ஆண்டுகளிலும், சூரியனின் வெளி வளிமண்டலத்தில் காணப்படும் ஒளிமகுடத் துளைகளிலிருந்து ஏறத்தாழ 27 நாளுக்கொருமுறை வரும் வேகக் காற்றினால் சிலம்பலைகள் ஓய்வதில்லை.

கூட்டுச்சொல்லுக்கும் இது வளைந்து கொடுக்கிறது: குறைந்த அதிர்வெண்ணுக்குக் கீழ்ப்பட்டைச் சிலம்பலை, கூடிய அதிர்வெண்ணுக்கு மேற்பட்டைச் சிலம்பலை. முதல் உலகப்போரில் ஒட்டுக்கேட்புக் கருவிகளில் செருமானிய இயற்பியலாளர் பார்க்கௌசன் கேட்ட, மின்னலில் பிறந்து சுருதி மேலிருந்து கீழிறங்கும் அலைக்குச் (whistler) 'சீழ்க்கை அலை' என்பதையும் இதே முறையில் வைத்துக்கொள்ளலாம்.

புவியை நெருங்கிச் சூழ்ந்திருக்கும் பிளாஸ்மா கோளத்துக்குள் பாம்புச் சீறல்போல் இடைவிடாது கேட்கும் அலைக்குத்தான் (hiss) எனக்குச் சொல் அகப்படவில்லை. 'சீறலை' என்றால் பேச்சுவழக்கில் 'சீறவில்லை' என்றாகிவிடும். சிலம்புதல் பேச்சில் வழங்காததால் சிலம்பலைக்கு இந்த இடர் இல்லை. 'சீறொலி'க்கோ புள்ளொலிக்குச் சொன்ன அதே தடை. தோன்றுவதை எழுதுங்கள்.