பில்லியன் என்பது நூறு கோடியா, லட்சம் கோடியா?

சொல்லாய்வன்:
பில்லியன் என்றால் நூறு கோடி என்று எழுதிவருகிறோம். அச்சொல் பிறந்தபோது அதன் பொருள் அதுவன்று. ஆயிரத்தைக் குறிக்கும் 'மில்லே' என்ற இத்தாலியச் சொல்லோடு பெருமைப் பொருள் விகுதி சேர்ந்து, 'பெரிய ஆயிரம்' என்ற கருத்தில் மில்லியன் உருவாயிற்று. 1484இல் பிரெஞ்சுக் கணிதர் நிக்கோலா ஷுக்கே தம் கையெழுத்துப் படியில், எண்களை ஆறாறு இலக்கங்களாகப் பிரித்து, மில்லியனை மில்லியனால் பெருக்கினால் பில்லியன், அதையும் மில்லியனால் பெருக்கினால் திரில்லியன் என்று வரிசைப்படுத்தினார். 'பி' என்பது இரண்டு. மில்லியனின் இரண்டாம் அடுக்கே பில்லியன், அதாவது லட்சம் கோடி. இத்தனை ஒழுங்கான அமைப்பை 1974இல் பிரிட்டன் அரசு கைவிட்டது பெரும் பிழை என்றே கருதுகிறேன்.

கணக்காயன்:
ஐயா, வேர் எதுவாயினும் வழக்குதான் பொருளைத் தீர்மானிக்கிறது. எண்களை மும்மூன்று இலக்கங்களாகப் பிரிக்கும் பழக்கம் பரவியபோது, பிரான்சிலேயே பில்லியன் ஆயிரம் மில்லியனை, அதாவது நூறு கோடியைக் குறிக்கத் தொடங்கிவிட்டது. அமெரிக்கா பின்பற்றியதும் அவ்வழக்கையே. பிரதமர் ஹெரால்ட் வில்சன் 1974 டிசம்பரில் நாடாளுமன்றத்திற்கு அளித்த எழுத்துப்பூர்வமான பதிலில், உலக அளவில் இச்சொல் ஆயிரம் மில்லியனையே குறிப்பதால், பிரிட்டன் அமைச்சர்கள் வேறு பொருளில் பயன்படுத்தினால் குழப்பமே விளையும் என்றார். ஏற்கெனவே வேரூன்றிவிட்ட வழக்கை ஏற்றுக்கொண்டதைப் பிழை என்பது எப்படிப் பொருந்தும்?

சொல்லாய்வன்:
'உலக அளவில்' என்பதைத்தான் நான் மறுக்கிறேன். தாங்கள் சான்று காட்டும் பிரான்ஸே 1961இல் பழைய பொருளுக்கு அதிகாரபூர்வமாகத் திரும்பிவிட்டது. ஜெர்மன் மொழியில் நூறு கோடிக்கு 'மில்லியார்டே' என்ற தனிச்சொல் உண்டு. ஸ்பானிய மொழியிலும் 'பில்லியோன்' இன்றுவரை லட்சம் கோடிதான்.

பெயர்ப்பாளர்:
நான் பட்டதைச் சொல்கிறேன். சென்ற மாதம் ஜெர்மன் பொருளாதாரக் கட்டுரை ஒன்றின் தமிழாக்கத்தை மூலத்தோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொண்டிருந்தேன். மூலத்தில் இருந்தது 2 'பில்லியோன்' யூரோ. தமிழில் '2 பில்லியன் யூரோ, அதாவது 200 கோடி' என்று இருந்தது. உண்மைத் தொகை 2 லட்சம் கோடி. ஒலி ஒன்றாயிருந்ததால் தொகை ஆயிரத்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது. அடுத்த வரியில் வந்த விழுக்காட்டுக் கணக்கு பொருந்தாமல் போனதால்தான் அது என் கண்ணில் பட்டது. இல்லையேல் அப்படியே அச்சேறியிருக்கும். வேரா வழக்கா என்ற வாதத்தைவிட, எம்மொழியின் பில்லியன் என்று கேட்பதே எனக்கு அவசரமாகப் படுகிறது.

கணக்காயன்:
அந்த எச்சரிக்கையை முழுமனத்தோடு ஏற்கிறேன். ஆனால் இக்கால ஆங்கிலத்தில் பில்லியன் 10இன் 9ஆம் அடுக்கு, அதாவது நூறு கோடி என்பதில் ஐயமே இல்லை. இன்றைய ஆங்கிலச் செய்தியைத் தமிழாக்குபவர் ஷுக்கேயைத் தேடிப்போனால் அவரும் ஆயிரம் மடங்கு தவறிவிடுவார்.

சொல்லாய்வன்:
இன்றைய செய்திக்கு அது சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 1974க்கு முந்தைய பிரிட்டிஷ் நூல்களில் இச்சொல் பெரும்பாலும் லட்சம் கோடியையே குறித்தது. நூறு கோடியை அவர்கள் 'ஆயிரம் மில்லியன்' என்று எழுதினார்கள். எனவே நம் ஆங்கிலம்–தமிழ் அகராதிகள் 'நூறு கோடி' என்று மட்டும் தந்து நிறுத்தாமல், 'பழைய பிரிட்டிஷ் வழக்கில் லட்சம் கோடி' என்ற குறிப்பையும் சேர்த்தே தரவேண்டும். அக்கோரிக்கையை மட்டும் நான் கைவிடுவதாயில்லை.