மறு: எல்லாவற்றுக்கும் ‘பிழை’ போதுமா?

நண்பர்களுக்கு வணக்கம். மென்பொருள் தமிழாக்கத்தில் எரர், பக், ஃபால்ட் என்ற சொற்களுக்கு என்ன போடுவது என்ற பேச்சில் நம் குழுவில் ஒருவர் எழுதியது:

> எரர், பக், ஃபால்ட் மூன்றுக்கும் ‘பிழை’ என்றே போட்டுவிடலாம். பயனருக்குப் புரிந்தால் சரி.

ஐயா, புரியவில்லை என்பதைத்தான் நான் தினமும் பார்க்கிறேன். கடலூர் முதுநகரில் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். போன வாரம் ஓர் அம்மா மகனுடைய கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தார். வேலை நடுவே நீலத்திரை வந்து நின்றுவிடுகிறதாம். திரையில் ‘பிழை’ என்று வந்ததைப் பார்த்த யாரோ, அப்டேட் போட்டால் சரியாகிவிடும் என்று சொல்லியிருக்கிறார்கள். மூன்று நாள் செல்போன் டேட்டாவைக் கொட்டி எல்லா அப்டேட்டும் போட்டாயிற்று. நீலத்திரை போகவில்லை.

மூடியைக் கழற்றி, ராம் என்கிற நினைவகத் தகட்டை உருவினேன். பொன் நிறத்தில் மின்ன வேண்டிய தொடுமுனைப் பற்கள் கறுத்து, ஓரத்தில் பச்சை பூத்திருந்தது. வீடு துறைமுகத்துக்குப் பக்கம், உப்புக்காற்றின் வேலை. பென்சில் ரப்பரால் மெல்லத் தேய்த்துத் துடைத்துச் செருகி, இரவு முழுக்க நினைவகச் சோதனை ஓடவிட்டேன். காலையில் ஒரு குறையும் காட்டவில்லை.

இது பழுது, அதாவது ஃபால்ட். நன்றாக இருந்த பொருள் புழக்கத்தில் கெடுவது. மோட்டார் பழுது, வண்டி பழுது என்று ஊரே சொல்கிற சொல் இருக்க, வேறு தேட வேண்டாம்.

பக் என்பதற்கு நான் சொல்கிற வழு அப்படியில்லை. செய்யும்போதே உள்ளே புகுந்துவிட்ட குறை அது. என் கணினியில் உள்ள வழு, அதே பதிப்பைப் போட்டிருக்கும் எல்லார் கணினியிலும் இருக்கும். அதனால்தான் ஓரிடத்தில் திருத்தி எல்லாருக்கும் அனுப்ப முடிகிறது. ராமில் பூத்த பச்சைக்கு யார் என்ன அனுப்புவது? ‘பிழை’யைப் பொதுவான எரருக்கு, கடவுச்சொல் தப்பாகத் தட்டினால் வருகிற அறிவிப்பு போன்றவற்றுக்கு, வைத்துக்கொள்வோம்.

மென்பொருள் என்றால் வழு, வன்பொருள் என்றால் பழுது என்று புதுச்சேரித் தோழர் பிரித்திருந்தார். அதை என்னால் ஏற்க முடியவில்லை. இன்டெலின் பென்டியம் சில்லு சில வகுத்தல் கணக்குகளுக்குத் தப்பான விடை தந்தது 1994-இல் வெளிச்சத்துக்கு வந்தது. அந்தச் சிக்கல் சில்லுக்குள்ளேயே இருந்தது. உப்பும் படவில்லை, தேயவும் இல்லை. அது வழு. இன்னொன்று: எஸ்எஸ்டி என்கிற, சுழலும் தட்டில்லாத சேமிப்பு வட்டுகளில் குறிப்பிட்ட சில 32,768 மணி நேரம் ஓடியதும் செத்துவிடும் என்று 2019 நவம்பரில் ஹெச்பிஇ (ஹியூலட் பேக்கர்ட் என்டர்பிரைஸ்) நிறுவனம் அறிவித்தது. கிட்டத்தட்ட மூன்றே முக்கால் ஆண்டு. பார்ப்பவர் தேய்ந்து போயிற்று என்றுதான் நினைப்பார். ஆனால் 32,768 என்பது இரண்டின் 15-ஆம் அடுக்கு. கணினி இரண்டின் அடுக்குகளில் எண்ணுவது, அதனால் அந்த எண்ணைப் பார்த்தாலே நிரலின் வாடை அடிக்கிறது. வட்டை இயக்க அதற்குள்ளேயே இருக்கும் உள்நிரலைப் புதுப்பித்தவர்கள் தப்பித்தார்கள். ஆகவே எங்கே இருக்கிறது என்பதை விட்டுவிட்டு, எப்படி வந்தது என்று பார்த்துப் பிரிப்போம்.

அப்புறம், பேட்சுக்கு, அதாவது வழுவைத் திருத்த அனுப்பும் சிறு நிரலுக்கு, ‘வழுவமைதி’ என்று குழுவில் வந்த பரிந்துரை. அழகான சொல்தான், ஆனால் இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது. ஆசையாக வளர்த்த பசுவை “என் அம்மை வந்தாள்” என்றால் திணை வழு, அஃறிணையை உயர்திணையாகச் சொன்னது. உவப்பினால் சொன்னது என்று இலக்கணம் அதை ஏற்கிறது, அதுதான் வழுவமைதி. வழு அங்கேயே இருக்கிறது, யாரும் திருத்தவில்லை. பேட்ச் வழுவைத் திருத்துவது. அதற்கு ‘ஒட்டு’ போதும். அட்டையில் துளையிட்டு நிரல் எழுதிய துளையட்டைக் காலத்தில் தப்பான துளைமேல் நிஜமாகவே காகிதம் ஒட்டித்தான் திருத்தினார்கள். வழுவமைதியை, தெரிந்தும் ஒரு காரணத்துக்காக விட்டுவைத்த வழுக்களுக்கு வைப்போம். புதுப் பதிப்போடு வரும் வெளியீட்டுக் குறிப்புகளில் அப்படி ஒரு பகுதி பெரும்பாலும் இருக்கிறதே.

மொழிபெயர்ப்புக் கோப்பில் ‘வட்டில் பிழை’ என்று இருக்கும் வரியை இப்படி மாற்றித் தரட்டுமா? “வட்டு பழுதாகி வருகிறது. கோப்புகளை இப்போதே வேறிடத்தில் படியெடுங்கள்.”

அன்புடன்,
கடலூர் முதுநகரிலிருந்து