எழுத்துப் பட்டறைக்குப் பணம் கட்டலாமா?

கரிசல்காடு:
சிறுகதைப் பட்டறை, இரண்டு நாள், கட்டணம் நாலாயிரம், சான்றிதழ் உண்டு என்று ஒரு விளம்பரம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. சான்றிதழை வைத்து என்ன செய்வது, பத்திரிகை ஆசிரியரிடம் காட்டவா? எழுத்தாளர் கி.ராஜநாராயணன் இடைசெவல் கிராமத்தில் விவசாயம் பார்த்தவர். அசோகமித்திரன் ஜெமினி ஸ்டுடியோவில் செய்தித்தாள் நறுக்கி ஃபைல் போட்டுக்கொண்டிருந்தார். சுந்தர ராமசாமிக்கு நாகர்கோவிலில் ஜவுளிக்கடை. பிழைப்புதான் இவர்களுக்கு எழுதச் சொல்லிக்கொடுத்தது. வகுப்பில் உட்கார்ந்து வருகிற சமாச்சாரமா இது?

ப்ரூஃப்ரீடர்:
பாதியைத்தான் சொல்கிறீர்கள். கி.ரா. இருந்த அதே இடைசெவலில்தான் சிறுகதை எழுத்தாளர் கு.அழகிரிசாமியும் பிறந்தார். அவர் கி.ரா.வுக்கு எழுதிய கடிதங்கள் தனிப் புத்தகமாகவே வந்திருக்கின்றன. சுந்தர ராமசாமி வீட்டில் 'காகங்கள்' என்ற இலக்கியக் கூட்டம் நடந்தது. சி.சு.செல்லப்பா 1959இல் 'எழுத்து' பத்திரிகையைத் தொடங்கியபின் புதுக்கவிதை எழுதியவர்கள் அதைச் சுற்றித்தான் வளர்ந்தார்கள். இதெல்லாம் பட்டறை இல்லாமல் வேறென்ன? கட்டணம் மட்டும் இல்லை. அசோகமித்திரனும் 1973இல் எழுத்தாளர் அழைப்பில் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்துக்குப் போனவர்தானே?

கரிசல்காடு:
அயோவாவை இழுத்தது எனக்குத்தான் வசதி. அங்கே 1936இல் தொடங்கிய எழுத்துப் பட்டறை வேறு, அதில் பட்டம் தருவார்கள். அசோகமித்திரன் போனது சர்வதேச எழுத்தாளர் திட்டத்துக்கு. ஏற்கெனவே எழுதிக்கொண்டிருப்பவர்களைப் பல நாடுகளிலிருந்து கூப்பிட்டுத் தங்கவைப்பார்கள். அவர் அங்கே தங்கியிருந்த அனுபவத்திலிருந்து 'ஒற்றன்' நாவல் வந்தது. ஆனால் சினிமா ஆட்களின் பிழைப்பைச் சொல்லும் அவருடைய 'கரைந்த நிழல்கள்' நாவல் அதற்கு முன்பே வந்தாயிற்று. அதை எந்த வாத்தியார் சொல்லிக்கொடுத்தார்?

தமிழாசிரியை:
குறுக்கிடுகிறேன், மன்னிக்கவும். காகங்கள், 'எழுத்து' என்று ப்ரூஃப்ரீடர் அடுக்குகிறார். டீக்கடை, பத்திரிகை அலுவலகத் திண்ணை மாதிரி, பெரும்பாலும் ஆண்கள் பொழுது சாய்ந்தபின் உட்கார்ந்து பேசிய இடங்கள் அவை. பள்ளி முடிந்து வீட்டுக்கு வந்து, மாவு அரைத்து, பிள்ளைக்கு வீட்டுப்பாடம் பார்த்துவிட்டு நான் எந்தத் திண்ணைக்குப் போவது? 'கதை பேசப் போகிறேன்' என்றால் வீட்டில் சிரிப்பார்கள். 'பயிற்சி வகுப்பு, சான்றிதழ் தருவார்கள்' என்றால் விடுவார்கள். அந்தக் காகிதம் பத்திரிகை ஆசிரியருக்கு இல்லை அண்ணா, என் மாமியாருக்கு.

கரிசல்காடு:
ராஜம் கிருஷ்ணன் தூத்துக்குடி உப்பளத்துக்கே போய் ஆட்களோடு பேசித்தானே 'கரிப்பு மணிகள்' நாவலை எழுதினார்?

தமிழாசிரியை:
எழுதினார். அவரைக் காட்டித்தான் எங்கள் எல்லோர் வாயையும் அடைக்கிறார்கள். எத்தனை பேருக்கு அப்படிக் கிளம்பிப் போக முடிந்தது என்று யாரும் கேட்பதில்லை.

இரவு ஷிஃப்ட்:
நடத்துபவர் பக்கமும் யாராவது பேச வேண்டாமா? 200 ரூபாய்ப் புத்தகம், பத்து சதவீத ராயல்டி, 300 பிரதி விற்றால் கையில் வருவது 6,000. அதுவும் பதிப்பாளர் ஒழுங்காகக் கணக்குக் காட்டினால். இருபது பேர் நாலாயிரம் கட்டினால் 80,000. ஹால் வாடகை, சாப்பாடு போனாலும் இரண்டு மாதம் எழுதலாம். செல்லப்பா புத்தகத்தைச் சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாக விற்றார் என்று புல்லரிக்கிறோம். இன்னொருவர் சுமக்காமல் சம்பாதித்தால் மட்டும் கோபம் வருகிறது.

ப்ரூஃப்ரீடர்:
பணத்தை விடுங்கள். எனக்கு வருகிற கதைகளில் பாதி, முதல் பக்கம் முழுக்க மேகமும் காற்றுமாக இருக்கும். இரண்டாம் பக்கத்தில் யாராவது கதவைத் தட்டியபின்தான் கதை நகரும். முதல் பக்கத்தை அடியுங்கள் என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும். ஒரு வரியில் நெல்லைப் பேச்சு பேசிய பாட்டி, அடுத்த வரியில் வானொலிச் செய்தி வாசிப்பதுபோலப் பேசுவாள். மகன் கண் வழியாகப் போகிற கதையில் திடீரென்று அப்பா மனதுக்குள் என்ன நினைத்தார் என்று வரும். இதையெல்லாம் ஒரு மதியத்தில் காட்டிக்கொடுத்துவிடலாம். என்ன எழுதுவது என்பதைத்தான் கற்றுத்தர முடியாது. எதை வெட்டுவது என்பதைத் தாராளமாகக் கற்றுத்தரலாம்.

கரிசல்காடு:
சரி, வெட்டக் கற்றுத்தரலாம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இருபது பேரின் கைப்பிரதியை இரண்டு நாளில் யார் வரிவரியாகப் படிப்பார்கள்? 'சிறுகதை என்றால் என்ன' என்று ஒரு சொற்பொழிவு, குழுப் புகைப்படம், அப்புறம் மதியம் பிரியாணி. நான் பார்த்த வரையில் அதுதான் நடக்கிறது.

தமிழாசிரியை:
அதை நானும் போன் போட்டுக் கேட்டேன். கதையை ஒரு வாரம் முன்னாலேயே அனுப்ப வேண்டுமாம், ஆயிரம் சொல்லுக்குள். திருத்திய பிரதியைக் கையில் தருவார்களாம். அதைக் கேட்ட பிறகுதான் பணம் கட்டினேன்.

கரிசல்காடு:
கட்டியே ஆயிற்றா! எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை டீச்சர். திருத்திய பிரதியை இங்கே போடுங்கள், அவர்கள் வெட்டியது சரியா என்று பார்ப்போம்.

ப்ரூஃப்ரீடர்:
திருத்தாத பிரதியையும் சேர்த்துப் போடுங்கள். முதல் பக்கத்தில் வானிலை இருந்தால் நானே அடித்துவிடுகிறேன், இலவசமாக.